ஸ்டீயரிங் தொடாமல் கடலுக்கு ஒரு வழி

மெல்போர்னுக்கு வந்த புதிதில் நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் நிச்சயம். "கிரேட் ஓஷன் ரோடு போயாச்சா?" என்பது முதலாவது. "லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்பது இரண்டாவது. இரண்டாவதுக்கு 'இல்லை' என்று சொன்னால் முதல் கேள்வி தானாகவே காலாவதியாகிவிடும், ஏதோ கடல் என்பதே கார் வைத்திருப்பவர்களுக்காகப் படைக்கப்பட்ட சமாச்சாரம் மாதிரி.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை சரியில்லை. வண்டி ஓட்டுவதில்லை, இனி ஓட்டப் போவதும் இல்லை. ஆனாலும் அந்தச் சாலையை நான்கு முறை பார்த்தாயிற்று. சதர்ன் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி ஜீலாங்கில் இறங்கினால், அங்கிருந்து லோர்ன் வழியாக அப்போலோ பே வரைக்கும் பஸ் இருக்கிறது. காரில் போகிற நண்பர்களைவிட நான் அதிகம் கடல் பார்த்திருக்கிறேன் என்பது என் கட்சி. ஓட்டுகிறவர் பார்ப்பது வளைவுகளை மட்டும்தானே :-)

243 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை உல்லாசத்துக்காகப் போட்டதல்ல. முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த சுமார் 3000 சிப்பாய்களுக்கு வேலை கொடுக்கவும், திரும்பி வராதவர்களுக்கு நினைவுச் சின்னமாகவும் 1919-ல் ஆரம்பித்து 1932-ல் முடித்தார்கள். கடப்பாறையும் மண்வெட்டியும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்தன. அழகான பாதை ஒன்றைப் பார்த்தால், இதை யார் எதற்காக வெட்டினார்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொற்றியது. இந்தப் பதிவுக்கும் அந்தப் பழக்கம்தான் காரணம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறாள். பிறந்தது இடுக்கியில், தேவிகுளம் தாலுகாவின் ஒரு எஸ்டேட் லயத்தில். போன மாதம் போனில் ஒன்று கேட்டாள். "ஏங்கண்ணு, அடுத்த தடவ வர்றப்போ என்னைய தனுஷ்கோடி கூட்டிட்டுப் போறயா?" காசி, திருப்பதி என்று எதையுமே கேட்காதவள். அவளுடைய தாய்மாமா 1930களில் அந்த வழியாகத்தான் சிலோனுக்குப் போனார். பாட்டி சாகிற வரைக்கும் "தனுக்கோடி" என்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டியும் அதைப் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை.

நான் ஓட்ட மாட்டேன். அம்மாவுக்குக் கொண்டை ஊசி வளைவு என்றால் வாந்தி. வாடகைக் காரில் ஏறினால் ஏசி நாற்றம் ஆகாது, ஜன்னலைத் திறந்தால் காது வலி. ஆக ரயில், பஸ் என்று திட்டம் போட உட்கார்ந்தேன். போடப் போட, எங்கள் மலையடிவாரத்து ஜனங்கள் கடலுக்குப் போன பாதைகளெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பாதி இப்போது இல்லை. எது போனது, எது மிஞ்சியது என்பதில்தான் கதையே இருக்கிறது.

முதலில் நில அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலம் என்றாலும் ஒட்டிக்கிடக்கும் மாவட்டங்கள் அல்ல, நடுவில் திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குக் கிட்டத்து வழி என்றால் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி கேரளத்துக்குள் ஏறுவதுதான். ஆனைமலைத் தொடரின் வடக்குக் கால்மாட்டில் பாலக்காடு, தெற்குத் தலைமாட்டில் மூணாறு. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்து எல்லைக்கோடு அவ்வளவு லட்சணம்.

இந்த மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் அகலமான ஓட்டை. சென்னை ராஜதானியின் ரயில்காரர்கள் மேற்குக் கடலுக்குப் போக நினைத்தபோது வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது தென்னிந்தியாவின் முதல் ரயில். 1861 மார்ச்சில் எதிர்முனையில், பேப்பூர் கடற்கரையிலிருந்து திரூர் வரை வண்டி விட்டார்கள். 1862-க்குள் இரண்டு துண்டும் போத்தனூரில் சேர்ந்துவிட்டன. கிழக்குக் கரையில் ஏறி, ஸ்டீயரிங் என்ற வார்த்தையே தெரியாத காலத்தில், மேற்குக் கரையில் இறங்க முடிந்தது! ரயில் கோழிக்கோடு ஊருக்குள் போகவே 1888 ஆயிற்று. அதுவரை கடைசி ஸ்டேஷன் சாலியாற்று முகத்துவாரம்தான். பஞ்சும் மிளகும் கப்பலேற வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள். பயணிகள் அங்கே இறங்கி ஆற்றைக் கடந்து போக வேண்டியிருந்ததைப் பற்றி யாரும் ரொம்பக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

இதே கதை காட்டுக்குள்ளும் நடந்தது. கொச்சி சமஸ்தானத்துக்குப் பறம்பிக்குளம் காட்டில் தேக்கும் ஈட்டியும் குவிந்து கிடந்தன, இறக்க வழியில்லை. சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரைக்கும் ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு ஒரு டிராம்வே போட்டார்கள். 1907-ல் முழுதாக ஓட ஆரம்பித்தது. செங்குத்தான இடங்களில் என்ஜினே கிடையாது. மேலிருந்து மரம் ஏற்றிய வண்டி தன் கனத்தில் இறங்கும்போது, கம்பியின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு குடம் கட்டுவது போலத்தான். ஜெர்மனியிலிருந்து சாமான் வந்தது. கீழே சாலக்குடியில், 1902-ல் ஓட ஆரம்பித்த ஷொர்ணூர்–கொச்சி ரயிலோடு சேர்ந்து மரம் துறைமுகத்துக்குப் போனது. அந்த ஷொர்ணூர்–கொச்சிப் பாதைக்குக் காசு போதாமல் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை மகாராஜா விற்றார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். காடு காலியானது, லாரி வந்தது, டிராம்வே 1963-ல் மூடப்பட்டது. பறம்பிக்குளத்தில் ஏறி அருவிகளைத் தாண்டிக் கொச்சிக் கடலைப் பார்க்கும் ரயில் ஒன்று இருந்தது என்று சொன்னால் இப்போது பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அம்மாவின் பக்கத்துக்கு வருகிறேன். இடுக்கி மாவட்டத்தில் இன்றைக்கு ஒரு அடி ரயில் தண்டவாளம் கிடையாது. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தது, அதுவும் மூணாறிலேயே.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு தம்புரானிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். காட்டை அழித்துச் சிங்கோனா, காப்பி என்று என்னென்னவோ போட்டுப் பார்த்துக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். தேயிலை லண்டனுக்குப் போக வேண்டும். கொச்சிப் பக்கம் இறங்குவதைவிடக் கிழக்கே இறங்குவது தோதாக இருந்தது. 1902-ல் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு மோனோரயில் போட்டார்கள். இன்றைக்கு மோனோரயில் என்றால் வானத்தில் பறக்கும் பெட்டி நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. தரையில் ஒரே ஒரு தண்டவாளம், அதில் சின்னச் சக்கரம், பக்கத்தில் சாய்ந்துவிடாமல் தாங்க ரோட்டில் உருளும் பெரிய சக்கரம் ஒன்று. இழுத்தது காளை மாடு. (பாட்டியாலாவில் ஓடிய இதே மாதிரி வண்டி ஒன்றை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.) 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலத்தில் நிஜமான குட்டி ரயிலே வந்தது, நீராவி என்ஜினோடு.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த ரயிலின் மேல்முனை என்பதால் வந்ததுதான். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் அந்தரத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், அப்புறம் தூத்துக்குடி, அப்புறம் கப்பல். பெட்டிக்கு இவ்வளவு சவுகரியம். எதிர்த்திசையில் மேலே ஏறிய ஜனங்களுக்கு? குரங்கணியிலிருந்து கால்நடைதான். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமை வறண்ட ஊர்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பங்கள், தலையில் சட்டி பானையும் இடுப்பில் பிள்ளையுமாக ஏறினார்கள். என் பாட்டியின் அப்பா அப்படி ஏறியவர்தான். அந்தரத்தில் தேயிலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஏறியிருப்பார்.

1924 ஜூலையில் பெய்த மழையை மலையாளத்தில் தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத்து வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். மூணாறு ரயிலை அது வாரிக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய ரோடும் அதோடு போயிற்று. நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புது ரோடு வந்தது 1931-ல், நேரியமங்கலம் பாலம் 1935-ல். மூணாறின் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் ஆபீஸ்.

இதில் ஒரு வேடிக்கை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. போடி ரயிலும் நிம்மதியாக ஓடவில்லை. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், மறுபடி வந்தது ஐம்பதுகளில். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். மதுரையிலிருந்து தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனிலும் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருஷம்! ஏலக்காய்க்கு அவசரமில்லை, அது எப்போதோ லாரிக்கு மாறிவிட்டது. காத்திருந்தது மனிதர்கள்தான்.

ரோட்டுக்கதையும் ஒன்று உண்டு. மூணாறு வழியாகப் போகும் நெடுஞ்சாலைக்கு மலையாளப் பத்திரிகைகளில் இன்றும் 'கொச்சி–தனுஷ்கோடி தேசிய பாத' என்றுதான் பெயர். பழைய எண் 49. அரபிக்கடலில் ஆரம்பித்து, அடிமாலி, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு, தேனி, மதுரை, ராமநாதபுரம் என்று போய் வங்கக்கடல் பக்கம் முடிகிற ரோடு. கடலில் தொடங்கிக் கடலில் முடிந்து, நடுவில் ஐயாயிரம் அடி ஏறி இறங்குகிறது. கிரேட் ஓஷன் ரோட்டைப் பற்றிப் பெருமையடிக்கிற என் ஆபீஸ் நண்பர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் அசரவில்லை. இப்போது எண்கள் 85, 87 என்று இரண்டாகப் பிரிந்துவிட்டன. தனுஷ்கோடி 1964-ல் அழிந்த பிறகும் ரோட்டின் பெயரில் அந்த ஊர் இருந்தது, அந்த ஊருக்கு ரோடுதான் இல்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும், அப்புறம் மணலில் ஜீப்போ வேனோ. அரிச்சல்முனை வரைக்குமான ஒன்பதரைக் கிலோமீட்டர் ரோடு திறந்தது 2017-ல்.

சரி, தனுஷ்கோடிக்கே வந்துவிட்டோம்.

மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் 1902-ல் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே. நடுவில் கப்பல் போக இரண்டு இறக்கையாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். அதை மோட்டார் வைத்துத் திறக்கவில்லை, ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். அன்றிலிருந்து எழும்பூரில் போட் மெயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 'இர்வின்', 'கோஷன்' என்று வைஸ்ராய், கவர்னர் பெயர்களில் கப்பல்கள். ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், ரயில். இன்றைக்கு இவ்வளவு ஆப் இருந்தும் நமக்கு அது வாய்க்கவில்லை.

ஆனால் எல்லோரும் அந்த டிக்கெட்டில் போகவில்லை. சிலோன் தோட்டத்துக்குப் போன தொழிலாளிக்குத் தகரத்தில் வட்டமாக வெட்டி எஸ்டேட் எண் பொறித்த துண்டு. அதைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். ஊர் ஸ்டேஷனிலிருந்து தோட்டம் வரை அதுதான் டிக்கெட், அதுதான் விலாசம், அந்தச் செலவுதான் அவன் பெயரில் எழுதப்பட்ட முதல் கடன். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சில நாள் அடைத்து வைத்து, மருந்து தெளித்து, அப்புறம்தான் பாலத்தைக் கடக்க விடுவார்கள். மூணாறுக்கு ஆள் பிடித்ததும் கங்காணிதான், கண்டிச் சீமைக்கு ஆள் பிடித்ததும் கங்காணிதான். ஒரே வீட்டில் ஒருவர் குரங்கணி ஏறினார், இன்னொருவர் பாம்பன் தாண்டினார். எங்கள் வீட்டில் தங்கை மலையில், அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம். அவர்கள் பயணத்துக்கும் ஸ்டீயரிங் தேவைப்படவில்லைதான், திட்டமும் வேறொருவர் போட்டதுதான். ஜன்னலோரம் கிடைத்திருக்குமா, கிடைத்திருந்தால் பாலத்தில் கடலைப் பார்த்திருப்பாரா என்றெல்லாம் யோசிக்கிறேன்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கை போவதைத் தடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் இலங்கைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம். தலைகளை எண்ணிப் பங்கு போட்டு எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் விழுங்கியது, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. ஊர், ஸ்டேஷன், துறைமுகம் எல்லாம் ஒரே இரவில் போயின. லட்சக்கணக்கான பேர் திரும்பி வர வேண்டிய வாசல், அவர்கள் வருவதற்கு முன்பே இடிந்துவிட்டது.

பாம்பன் பாலத்தின் 145 சொச்சம் கர்டர்களில் நூற்று இருபதுக்கும் மேலே கடலுக்குள். ஆறு மாதம் என்று கணக்குப் போட்ட வேலையை மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்லி முப்பத்திரண்டு வயது என்ஜினீயர் ஒருவரிடம் கொடுத்தார்கள். புதிதாகச் செய்தால் நாளாகும் என்று, மூழ்கிய கர்டர்களையே மீனவர்கள் உதவியோடு தேடி எடுத்துப் பொருத்தி 46 நாளில் ரயிலை ஓடவிட்டார் அவர். இ. ஸ்ரீதரன், எங்கள் பாலக்காடு மாவட்டத்துக்காரர், படித்ததும் பாலக்காடு விக்டோரியா காலேஜில். கொங்கன், டெல்லி மெட்ரோ எல்லாம் அப்புறம்தான். பாலம் பிழைத்தது, தனுஷ்கோடிக்கான தண்டவாளம் பிழைக்கவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு மாறியது. ஒப்பந்தப்படி வந்தவர்கள் அதில்தான் வந்து இறங்கி மறுபடி அதே மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரி, வால்பாறை, புனலூர் என்று பிரிந்து போனார்கள். எண்பதுகளின் நடுவில், இலங்கையில் சண்டை முற்றியபோது அந்தக் கப்பலும் நின்றது.

அம்மாவின் தாய்மாமா அந்தக் கூட்டத்தில் வரவில்லை. அட்டன் பக்கத்திலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் கடுதாசி வரும். 1983 பொங்கலுக்கு வந்ததுதான் கடைசி. அந்த வருஷம் ஜூலையில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி திட்டம்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது 1932-ல். பொள்ளாச்சி–திண்டுக்கல் அதற்கு நான்கு வருஷம் முன்பே. இரண்டும் சேர்ந்தபோது மலையாளக் கரையிலிருந்து பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர் வழி கிடைத்தது. சொன்ன பாதைகளிலேயே இது ஒன்றுதான் தேக்கோ தேயிலையோ தீர்ந்த பிறகும் பிழைத்தது. பழனிக்கு மலையாளிகள் போவது நிற்கவில்லை, ராமேஸ்வரத்துக்குப் பிண்டம் போடப் போவதும் நிற்கவில்லை. முருகன் காப்பாற்றிய ரயில் என்று அம்மா சொல்வாள், கணக்குப் பார்த்தால் அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் சோதனை வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2008 டிசம்பரில் பொள்ளாச்சி–பாலக்காடு மூடி, 2015 நவம்பரில்தான் திறந்தார்கள். அந்த ஏழு வருஷத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் ரயில் பார்க்காமலேயே பள்ளிக்கூடம் போனார்கள்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்தது. பழையதைப் போல விரிந்து திறக்காது, நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. 2025 அக்டோபரில், திருவனந்தபுரத்திலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரை வரை ஓடிக்கொண்டிருந்த அமிர்தா எக்ஸ்பிரஸை ராமேஸ்வரம் வரை நீட்டினார்கள். பாலக்காட்டில் படுத்தால் ராமேஸ்வரத்தில் இறங்கலாம், எங்கும் மாற வேண்டாம்.

ஆனால் அமிர்தா பாலக்காட்டைக் கடப்பது விடிவதற்கு முன்னால். கொல்லங்கோடு மலையும் முதலமடை ஆலமரங்களும் இருட்டில் போய்விடும். மழைக்காலம் முடிந்த கையோடு அந்த மலையில் வெள்ளிக் கம்பி போல அருவிகள் தொங்குவதை ரயில் ஜன்னலிலிருந்து பார்க்காதவர்கள் பாலக்காட்டைப் பார்க்கவில்லை என்பேன். அதனால் போகும்போது காலையில் பாலக்காட்டிலிருந்து கிளம்பும் திருச்செந்தூர் வண்டி. பழனி, திருப்பரங்குன்றம், திருச்செந்தூர் என்று மூன்று படைவீடுகளை ஒரே தண்டவாளத்தில் கோக்கும் ரயில் அது. நாங்கள் மதுரையில் இறங்கி ஒரு ராத்திரி தங்கல். மறுநாள் பகல் ரயிலில் ராமேஸ்வரம். பாலத்தை வெளிச்சத்தில் கடக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. திரும்பும்போது அமிர்தாவில் நேராகப் பாலக்காடு. மூணாறிலிருந்து வருகிற பெரியம்மா மகளுக்கு, போடிமெட்டு பஸ்ஸில் போடி, அங்கிருந்து மதுரைக்கு ரயில் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்குப் புளிப்பு மிட்டாய் தனிப் பொறுப்பு.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அரசு பஸ் இருக்கிறது. ரயில்தான் இல்லை. 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. எதிர்க்கரையில் போரில் அழிந்த பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனமே மறுபடி போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் பியர் வரை ரயில் வந்துவிட்டது. இங்கே என் பக்கத்துத் தெருவில் இருக்கும் அட்டன்காரர் ஒருவர் அதில் போய் வந்திருக்கிறார். கடைசி ஸ்டேஷனில் இறங்கி, பழைய இறங்குதுறை வரை நடந்து, இந்தியா இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு அதே ரயிலில் திரும்பினாராம்.

அம்மா நேற்றுக் கேட்டாள், அங்கே நின்றால் சிலோன் தெரியுமா என்று. முப்பது கிலோமீட்டர் இருக்கும், தெரியாதும்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவரு நின்ன எடம்னு எதாச்சும் இருக்குமா?" என்றாள். பழைய ஸ்டேஷன் சுவரும் தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் மிச்சம் இருக்கின்றன. பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. அங்கே இறங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.